நட்ட மறுநாளே அறுவடையா?

2021 டிசம்பர் 2. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில் மெம்ஃபிஸ் அணியிடம் ஓக்லஹோமா சிட்டி தண்டர் 152-79 என்று தோற்றது. 73 புள்ளி வித்தியாசம்! என்.பி.ஏ. வரலாற்றிலேயே இதுதான் மிகப் பெரிய தோல்வி.

நட்சத்திர வீரர்களை அனுப்பிவிட்டு, இளைஞர்களை வைத்து முதலிலிருந்து கட்டப்பட்ட அணி அது. அந்த சீசனின் 82 ஆட்டங்களில் ஜெயித்தது 24 மட்டுமே. அடுத்த சீசனில் 40, அதற்கடுத்து 57. 2024-25ல் 68 வெற்றிகளோடு சாம்பியன் பட்டமும் கிடைத்தது. இத்தனைக்கும் நடுவில் பயிற்சியாளர் மார்க் டெய்னால்ட்டை நிர்வாகம் மாற்றவே இல்லை.

'ஒரு நல்ல ஆள் வந்தால் போதும்' என்பதும் தப்புக் கணக்குதான். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 2022-23ல் 22 ஆட்டங்கள் ஜெயித்தது. அடுத்த சீசனில் ஏழடிக்கும் மேல் உயரமான விக்டர் வெம்பன்யாமா வந்தார். சிறந்த புதுமுக வீரர் விருதையும் வாங்கினார். அணிக்குக் கிடைத்ததோ அதே 22 வெற்றிகள்! அதற்கடுத்த வருடம்தான் 34 ஆனது.

அப்படியானால், இளம் அணியின் ரசிகர் எதை எதிர்பார்க்கலாம்? புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தால் மனசு நொந்துபோகும். தோற்கும் வித்தியாசம் குறைகிறதா, பந்தைப் பறிகொடுப்பது குறைகிறதா, நவம்பரில் செய்த தவறு மார்ச்சிலும் தொடர்கிறதா என்று பாருங்கள். 73 புள்ளியில் தோற்ற தண்டர், அதே மாதத்தில் அதே மெம்ஃபிஸை வென்றது.

இந்த முன்னேற்றம் தெரிந்தால் பொறுமையாகக் காத்திருக்கலாம். இரண்டு மூன்று சீசன்களாகியும் தெரியாவிட்டால், அணி நிர்வாகத்தைக் கேள்வி கேட்பதில் தப்பே இல்லை.