நூலகர் கையில் எழுதுகோல்

நூலகர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் உருவம் யாது? வாயிலருகே அமர்ந்து, நூலைப் பெற்று, நாள் முத்திரையிட்டு, மீண்டும் அலமாரிக்கு அனுப்புபவர் என்பதே பலர் கொண்டுள்ள எண்ணம். இவ்வெண்ணம் முழுமையானதன்று. எந்த நூலில் எந்தச் செய்தி உள்ளது, எந்தப் பதிப்பில் பிழை மலிந்துள்ளது, ஒரு பொருளை ஆராயப் புகுவோர் எங்கிருந்து தொடங்குதல் வேண்டும் என்பனவெல்லாம் பட்டறிவால் அவர் அறிந்தவை. ஆயினும் அவ்வறிவு பெரும்பாலும் எழுத்து வடிவம் பெறுவதில்லை. கேட்டவர்க்கு வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. அவர் ஓய்வு பெறும் நாளில் அவருடனேயே வாயிலைக் கடந்து சென்றுவிடுகிறது.

இவ்விழப்பைத் தடுக்கும் கருவிகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. வலைப்பூவும் விக்கியும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தனியொருவரோ ஒரு நிறுவனமோ நாள்முறையில் எழுதி வெளியிடுவது வலைப்பூ. பலர் கூடி எழுதவும் திருத்தவும் இடந்தருவது விக்கி. அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் 1995இல் இதனை உருவாக்கி, 'விரைவு' எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லால் பெயரிட்டார். 2001இல் விக்கிப்பீடியாவும், 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றின. இக்கருவிகளைப் பொழுதுபோக்கென ஒதுக்காது, தம் பணியின் ஒரு கூறாகவே நூலகர் கொள்ளுதல் வேண்டும் என்பது என் கருத்து.

சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் இரண்டாவது, வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது. மூன்றாவதோ, நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் கிடைத்தல் வேண்டும் என்பது. தேடி வருவோர்க்கு நூலை எடுத்துக் கொடுத்தால் இரண்டாம் விதி பெரிதும் நிறைவேறிவிடும். மூன்றாம் விதிக்கு அது போதாது. அலமாரியின் கீழ்த்தட்டில் ஆண்டுக்கணக்கில் உறங்கும் நூலுக்கு வாசகரைத் தேடித் தருதல் வேண்டும். கிழமைக்கு ஒரு நூலை அறிமுகம் செய்யும் நூலக வலைப்பூ அப்பணியைச் செய்யவல்லது.

இது வெறுங்கற்பனையன்று. அமெரிக்க நாட்டின் காங்கிரசு நூலகம் 2008 சனவரியில் தன்னிடமிருந்த 3,000க்கும் மேற்பட்ட பழைய ஒளிப்படங்களை 'பிளிக்கர்' என்னும் இணையத்தளத்தில் பார்வைக்கு வைத்தது. படத்தில் இருப்பவர் யார், இடம் எது என்பன போன்ற செய்திகளைப் பொதுமக்கள் எழுதினர். நூலகத்தார் அவற்றை ஆராய்ந்து, சரியெனக் கண்டவற்றைத் தம் பதிவுகளில் சேர்த்துக்கொண்டனர். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மக்களின் அறிவு நூலகரை வேண்டாதவராக்கவில்லை. மெய்ப்பித்து ஏற்கும் பொறுப்பை அவரிடமே விட்டது.

தமிழிலும் இதற்குச் சான்றுண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறு படியில்லாத சுவடி எரிந்தால் மீட்க வழியில்லை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. ஈழத்து எழுத்தாவணங்களை மின்வடிவில் காக்க 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' திட்டம், விக்கி மென்பொருளைக் கொண்டே தன் இணையத்தளத்தை அமைத்தது. நூல்களோடு இதழ்களும் சிறப்பு மலர்களும் அங்குப் பட்டியலிடப்பெற்றுப் படிக்கக் கிடைக்கின்றன.

'விக்கியில் எவரும் எழுதலாம். அதனை எங்ஙனம் நம்புவது?' என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆனால், ஐயத்திற்கிடமான இடத்தைவிட்டு நூலகர் விலகி நிற்பின் அங்குப் பிழையே நிலைபெறும். விக்கிப்பீடியாவின் பதினைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி 2016இல் ஓர் இயக்கம் தொடங்கிற்று. நூலகர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கட்டுரைக்கு ஒரு மேற்கோள் சான்றேனும் சேர்த்தல் வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். சான்று தேடித் தருவது நூலகரின் அன்றாடத் தொழில். அதனை ஒருவர்க்குச் சொல்வதற்குப் பதிலாக உலகுக்குச் சொல்வதே இங்குள்ள வேறுபாடு.

'நேரமில்லை' என்பது மற்றொரு தடை. ஆட்குறைவும் பணிச்சுமையும் மெய்யே. எனினும், ஒரே வினாவுக்குப் பத்து மாணவர்க்குப் பத்து முறை விடை சொல்வதினும், ஒருமுறை எழுதி வைத்தல் நேரத்தை மிச்சப்படுத்துமன்றோ?

எச்சரிக்கையும் வேண்டும். இணையத்தளங்கள் நிலையானவையல்ல. எண்ணற்றோர் தம் பக்கங்களை அமைத்திருந்த 'ஜியோசிட்டீஸ்' அமெரிக்காவில் 2009இல் மூடப்பெற்றது. பொதுமக்களுக்கான 'கூகுள் பிளஸ்' 2019இல் நிறுத்தப்பெற்றது. ஆகவே எழுதுவனவற்றின் படியொன்று நூலகத்திலேயே காக்கப்படல் வேண்டும். யார் எந்நூலை இரவல் பெற்றார் என்னும் செய்தி எக்காரணம் கொண்டும் வெளிப்படலாகாது. பதிப்புரிமையுள்ள நூல்களை இசைவின்றி இணையத்தில் ஏற்றுதலும் கூடாது.

தொடக்கம் பெரிதாக இருத்தல் வேண்டுவதில்லை. இதுபோன்ற கல்லூரி மலர்களையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் மாணவரும் ஆசிரியரும் எழுதுகின்றனர்; மலர் வெளிவருகிறது; சில ஆண்டுகளில் படி கிடைப்பதும் அரிதாகிறது. எவர் எப்பொருள் பற்றி எவ்வாண்டு எழுதினார் என்னும் பட்டியலைக் கல்லூரி நூலகர் விக்கி வடிவில் தொகுக்கத் தொடங்கலாம். விடுபட்டனவற்றைப் பழைய மாணவர் நிரப்புவர், பிழைகளை ஆசிரியர் திருத்துவர், நூலகர் சரிபார்ப்பார். நூலைக் காத்தவர் அந்நூல் பற்றிய அறிவையும் காத்தவராவார். அதற்கு அவர்க்குக் கணினியும் இணைய இணைப்பும் மட்டுமன்றி, எழுதுவதும் பணியே என்னும் ஏற்பினையும் நிருவாகத்தார் அளித்தல் வேண்டும்.