பால் கட்டி என்று சொன்னது நான்தான்

பாரிசில் கோப்பை கழுவுகிறவனுக்குப் பெண்களின் வருத்தத்தைப் பற்றி என்ன கதை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர், என்னோடு வேலைசெய்த தம்பியொருவனின் மனைவிக்கு மார்பில் கட்டி. கைக்குழந்தை பால் குடிக்கிற நேரம். தம்பிக்கு லீவு இல்லை. யாழ்ப்பாணக் கம்பசில் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஓடிவந்தவன், பிரெஞ்சு கொஞ்சம் கதைப்பவன் என்று மொழிபெயர்க்க என்னைக் கேட்டார்கள்.

"அண்ணை, ஒரு கட்டி இருக்கு. மூண்டு கிழமையாக் கரையேல்லை. நோவும் இல்லை" என்று அந்தத் தங்கச்சி நிலத்தைப் பார்த்தபடி சொன்னா. எனக்கும் கூச்சம். "பால் கட்டி நோகுதாம்" என்று டொக்டரிடம் சொன்னேன். மூன்று கிழமையையும் நோவில்லை என்பதையும் விழுங்கிவிட்டேன். ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். நாலு மாதத்துக்குப் பிறகுதான் புற்றுநோய் என்று பிடிபட்டது.

பிறகுதான் இதுபற்றித் தேடி வாசித்தேன். பால் கொடுக்கிற தாய்மாருக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை பாலால் வருபவைதான். பால் நாளம் அடைபடும். கிருமி தொற்றினால் சிவந்து காய்ச்சலும் வரும். அவை சில நாட்களில் வற்றிவிடும். இரண்டு கிழமை போயும் கரையாத கட்டியையும், மருந்துக்கு அடங்காத சிவப்பையும் ஸ்கான் செய்து பார்க்கத்தான் வேண்டும். நோகாவிட்டாலும்தான்.

ஸ்கானுக்கோ, மமோகிராமுக்கோ, ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பதற்கோ பாலை நிறுத்தத் தேவையில்லை. புற்றுநோய் மருந்து தொடங்கினால் அது வேறு கதை.

"பால் குடுத்தால் அந்த வருத்தம் வராது" என்று எங்கட ஆட்கள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் லான்செட் சஞ்சிகையில் வந்த கணக்கின்படி, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 வீதம் குறைகிறது. குறைகிறது, இல்லாமல் போகவில்லை. பிரான்சில் மமோகிராமுக்கு அழைக்கும் கடிதமும் 50 வயதிலிருந்துதான் வரும். இளம் தாய்மாரை ஒருவரும் கூப்பிடப்போவதில்லை. அவர்களாகவே போய்ச் சொல்லவேண்டும்.

அப்படிச் சொல்ல வருகிறவர்களின் வாயை நாங்கள் பொத்தக்கூடாது. மொழிபெயர்க்கப் போகிற அண்ணன்மாரே, புருஷன்மாரே, நீங்கள் தணிக்கை செய்யப் போகவில்லை. சொன்னதைச் சொன்னபடி, நாட்கணக்கோடு சொல்லுங்கள். கூச்சமென்றால் ஒரு பெண்ணை அனுப்புங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

ஒரு மார்பை எடுத்தார்கள். தங்கச்சி சுகமாக இருக்கிறா. லாச்சப்பலில் கண்டால் இப்பவும் "அண்ணை" என்றுதான் கூப்பிடுவா. அந்த நாலு மாதத்தைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இண்டைக்குத்தான் எழுதுகிறேன்.