ஒரு நாளைக்கு 54 ரூபாய்

மரக்காணத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் நாலைந்து அரசாங்கங்களைத் தாண்டிவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. அது டெல்லியின் கணக்கு. காக்கிநாடாவில் தொடங்கி எங்கள் பக்கம் வந்து முடிகிற பக்கிங்காம் கால்வாய் 2008 முதல் தேசிய நீர்வழி எண் 4-இல் சேர்த்தி. அதில் ஒரு சரக்குப் படகு போய் நான் பார்த்ததில்லை, ஆனால் சட்டப்படி அது நீர்வழி. கழுவெளி ஈரநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது, அன்றிலிருந்து வனத்துறை. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் உப்பளத்தில் ஒன்றிய அரசின் நிலமும் மாநில அரசின் நிலமும் கலந்திருக்கின்றன. அங்கே வேலை முடித்து வீட்டுக்கு வந்தால் தெருவிளக்கும் குழாய்த் தண்ணீரும் பேரூராட்சி. கொஞ்சம் தள்ளிக் குப்பத்தில் வீடு என்றால் ஊராட்சி.

நான் அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்கிறேன். அம்மா உப்பு வாரப் போகிறவர். இரண்டாம் ஆண்டில் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை பாடமாக வந்தது. ஒன்றியப் பட்டியலுக்கு உதாரணம் சொல்லுங்கள் என்றால் வகுப்பே சேர்ந்து பாதுகாப்பு, ரயில்வே, நாணயம் என்று ஒப்பிக்கும். பட்டியல் முழுவதையும் வீட்டில் உட்கார்ந்து வாசித்தபோதுதான் 58-ஆவது இனம் கண்ணில் பட்டது. உப்பு. அதன் உற்பத்தி, வழங்கல், விநியோகம் எல்லாம் நாடாளுமன்றத்தின் அதிகாரம். போர், அணுசக்தி, அயலுறவு இருக்கிற வரிசையில் எங்கள் அம்மா வாருகிற உப்பும் இருக்கிறது. பெருமைப்படுவதா, பயப்படுவதா என்று அப்போது தெரியவில்லை.

உப்புக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள இந்த உறவு புதிதல்ல. 1805-இல் சென்னை மாகாணத்து உப்பைக் கும்பினியார் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய், மாதக் கடைசியில் உப்பை அள்ளிக் கைதானார். அந்தப் படத்தை ஆறாம் வகுப்பிலிருந்து பாடப் புத்தகத்தில் பார்த்து வருகிறோம். சுதந்திரம் வந்தபின் உப்பு வெள்ளைக்காரர் கையிலிருந்து டெல்லி கைக்குப் போனது. உப்பு எடுக்க உரிமம் வாங்கும் முறை 1996-இல் போய்விட்டது. ஒன்றிய அரசின் நிலமும் அதன் குத்தகையும் அப்படியேதான் இருக்கின்றன. உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் ஜெய்ப்பூரில். ராஜஸ்தானில் சாம்பர் ஏரி இருக்கிறது, அங்கேயும் உப்பு விளைகிறது, அதனால் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். கடலோரத்து ஆள் கடலே இல்லாத ஊருக்கு மனு எழுத வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் அம்மா கிளம்பிவிடுவார். வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் பாத்தியில் படிந்த உப்பை உடைத்து இழுத்து வரப்போரம் சேர்ப்பார்கள். தண்ணீர் வடிந்ததும் கூடையில் அள்ளித் தலையில் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஈர உப்பு ஒரு கூடை என்ன கனம் கனக்கும் என்பது தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பாதத்து வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கி எரியும். பத்து மணிக்கு மேல் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைத் திறக்க விடாது. எங்கள் தெருவில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் ஊசியில் நூல் கோக்கச் சொல்லிப் பாருங்கள். பொங்கல் கழிந்து தொடங்கும் இந்த வேலை ஐப்பசி மழையோடு நின்றுபோகும். அளம் முழுக்கத் தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது எது பாத்தி, எது வரப்பு என்றே தெரியவில்லை. அமைச்சர்கள் வந்தார்கள், குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் வந்தது. மறு ஆண்டு வரப்பு போட்டுச் சேறு அள்ளியதும் இதே கைகள்தான்.

ஆக, வருஷத்தில் மூன்று மாதம் வருமானம் கிடையாது. இதற்காக 2022-இல் மாநில அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம். அரசு உப்பு நிறுவனத்தின் ‘நெய்தல்’ உப்பு விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். நல்ல திட்டம். அதற்கு முன் எங்கள் மழைக்காலத்தை எந்த அரசாங்கமும் கண்டுகொண்டதாக அம்மாவுக்கு நினைவில்லை. ஆனால் அரசியல் அறிவியல் படிக்கிற பிள்ளை கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டுமே. மூன்று மாதம் என்றால் 92 நாள். 5,000-ஐ வகுத்தால் ஒரு நாளைக்கு 54 ரூபாய். அது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. அப்பா, அம்மா, அண்ணன் என்று மூன்று பேர் அளத்தில் நின்றாலும் அதே 54.

எங்கள் ஊருக்குக் கிழக்கே குப்பங்களில் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணம் இப்போது 8,000 ரூபாய். நாளுக்கு 131. அது அதிகம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டு மளிகைக்கே அது காணாது. மேலும் அவர்களைக் கடலுக்குப் போகாதே என்று தடுப்பது அரசாங்கம், எங்களைத் தடுப்பது மழை. அந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு தொகைகளுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அது மட்டும் விளக்கிவிடாது. குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. ஒரு கூட்டம் என்றால் மொத்தக் குப்பமும் வந்து நிற்கும். பக்கத்துக் குப்பமும் அதற்குப் பக்கத்துக் குப்பமும் சேர்ந்தால் சாலையில் ஒரு வண்டி நகராது. ஓட்டும் அப்படியே ஒரே இடத்தில் விழும். உப்பளத்து ஆட்கள் பல ஊர், பல தெரு, பல சாதி. காலையில் அளத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நிற்பவர்கள் சாயங்காலம் வேறு வேறு பேருந்தில் ஏறிவிடுவார்கள். மழை தொடங்கினால் கேட்கவே வேண்டாம். சென்னைப் பக்கம் கட்டட வேலைக்கு, செங்கல் சூளைக்கு என்று சிதறிவிடுவார்கள். நிவாரணம் கேட்க வேண்டிய மாதத்தில்தான் கேட்கிற ஆட்கள் ஊரில் இல்லை. எனக்குப் புரிந்தவரை அந்த 54-க்குக் காரணம் இதுதான்.

2025 அக்டோபரில் பெரியம்மா ஊர்க் கிராம சபைக்குப் போயிருந்தேன். கல்லூரியில் களப்பணி கொடுத்திருந்தார்கள். மரக்காணம் பேரூராட்சி என்பதால் எங்களுக்குக் கிராம சபை கிடையாது, பகுதி சபை என்று ஒன்று உண்டு. ஊராட்சிகளுக்குத்தான் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று பழைய நான்கு நாளும், பிறகு சேர்த்த மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரண்டும். ஊரின் மக்கள்தொகைக்குத் தக்கபடி 50, 100, 200, 300 பேர் என்று குறைந்தபட்சம் ஆள் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தை நிரப்பியவர்கள் நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஒலிபெருக்கி. செயலாளர் தீர்மானங்களைப் படித்த வேகத்தில் கொசு ஒழிப்பு எங்கே முடிந்தது, வரவு செலவு எங்கே தொடங்கியது என்று எனக்கே பிடிபடவில்லை. வருகைப் பதிவில் கையெழுத்து ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.

பெரியம்மா எழுந்து நின்றார். “நாலு மணிக்கு அளத்துக்குப் போறோம் சார். வழி பூரா இருட்டு. பாம்பு கெடக்குது. ரெண்டு லைட்டு போட்டுக் குடுங்க.”

பற்றாளராக வந்திருந்த அதிகாரி நல்லவர், பொறுமையாகத்தான் பதில் சொன்னார். “அது உப்புத்துறை எடம்மா. பஞ்சாயத்துப் பணத்துல அங்க கம்பம் நட முடியாது.”

“பாம்புக்கு அது தெரியுமா சார்?”

எல்லாரும் சிரித்தார்கள், அதிகாரியும். சிரித்து முடித்ததும் பேச்சு அடுத்ததற்குப் போக இருந்தது. நான் எழுந்து, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பும்படி இதைத் தீர்மானமாக எழுதலாமே என்றேன். செயலாளர் என்னைப் பார்த்து, “அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம் பாப்பா” என்றார். தலைவர் ஒரு பெண். விழுப்புரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அதில் ஜெயித்து வந்தவர். கூட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தவர் அப்போது மட்டும் வாயைத் திறந்தார். “எழுதுப்பா. எழுதறதுல இன்னா கொறஞ்சி பூடப் போவுது?” எழுதினார்கள். தீர்மானத்துக்கு ஒரு எண் விழுந்தது. பெரியம்மா அந்த எண்ணைத் தன் நூறு நாள் வேலை அட்டையின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டார்.

விளக்கு இன்னும் வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போனபோது பெரியம்மா கையில் அந்த எண் இருந்தது. வாயால் சொன்ன குறைக்கும் எண் போட்ட குறைக்கும் அலுவலக மேசையில் கிடைக்கிற மரியாதை வேறு. எண்ணைச் சொன்னால் கோப்பைத் தேடுவார்கள். கதையைச் சொன்னால் ஆறுதல் சொல்லி அனுப்புவார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு வீடாக இரண்டு படிவம் கொடுத்துவிட்டுப் போனார். பெயர், புகைப்படம் எல்லாம் அச்சாகி வந்த படிவம்தான். கீழே இரண்டு பத்தியில் பழைய பட்டியல் விவரம் கேட்டிருந்தது. முந்தைய தீவிரத் திருத்தத்தில் உங்கள் பெயரோ உறவினர் பெயரோ எந்தத் தொகுதி, எந்தப் பாகம், எந்த வரிசை எண்? தெருவில் படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் ராத்திரி பத்து மணி வரை இதுதான் வேலை. ஆண்களுக்குச் சிக்கல் குறைவு, பிறந்த ஊரிலேயே இருக்கிறார்கள். பெண்கள் கல்யாணமாகி வந்தவர்கள். இருபது வருஷத்துக்கு முன் அப்பா எந்தச் சாவடியில் ஓட்டுப் போட்டார் என்று எந்த மகளுக்குத் தெரியும்? எதிர் வீட்டு அக்கா புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். மாநிலம் என்ற இடத்தில் தமிழ்நாடு என்று எழுதப் போனேன். “அங்க பாண்டின்னு போடுடி, எங்கப்பாவுக்கு ஓட்டு அங்கதான்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாகம் எண்ணைக் கைபேசியில் தேடிக் கண்டுபிடித்தபோது, இறந்துபோன தன் அப்பாவின் பெயரைத் திரையில் பார்த்து அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தத் தெருவிலேயே பூட்டின வீடுகள் இருந்தன. அளம் மூழ்கியதும் வேலை தேடிப் போனவர்கள். அவர்களுக்குப் போன் போட்டு, புகைப்படம் அனுப்பச் சொல்லி, ஊரில் இருக்கிற மாமனார் மாமியாரைக் கையெழுத்துப் போட வைத்து, கட்சிக்காரர்களும் நாங்களுமாகத்தான் முடித்தோம். கட்சி முகவர்களை நான் கிண்டலாகத்தான் பார்த்து வந்தவள். அந்த மாதம் யார் எந்தக் கட்டட வேலையில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. ஏழைகள் ஊரில் இல்லாத மாதமாகப் பார்த்து வீட்டுக் கதவைத் தட்டுகிற திட்டத்தை யார் வகுத்தாலும், அவர் உப்பளத்துப் பக்கம் ஒரு மழைக்காலமும் இருந்து பார்த்தவர் இல்லை.

புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் கிடைக்கிறது. ஓட்டுக்காகக் கொடுக்கிறார்கள் என்று பேருந்தில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஓட்டுப் போட்டுக் கேட்டால் கொடுக்கத்தானே அரசாங்கம்? ஓட்டு இருந்தும் எங்களுக்குக் கேட்கத் தெரியாமல் இருந்ததுதான் குறை.

ஜனவரி 26 அன்று மறுபடியும் கிராம சபை. உப்பளத்துக்கு ஆள் போகிற ஒவ்வொரு ஊரிலும் கல்லூரி படிக்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். அம்மாவையோ பெரியம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். மழைக்கால நிவாரணத்தைக் குடும்பத்துக்கு என்றில்லாமல் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் கொடுக்க மாநில அரசைக் கேட்டு ஒன்று, அளத்துப் பாதைக்கு விளக்குப் போட உப்புத்துறையைக் கேட்டு இன்னொன்று, இரண்டையும் தனித்தனித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.