இலங்கைக்கு டூர் போறீங்களா? கேள்வியை மாத்திக் கேளுங்க

1/ லீவு நெருங்குனா புதுக்கோட்டைப் பக்கம் ஓபியில் ஒரு கேள்வி தவறாம வருது. "சார், குடும்பத்தோட ஸ்ரீலங்கா போறோம். பீச், மழைக்காடு, யானை பாக்குற சஃபாரி எல்லாம் பேக்கேஜ்லயே இருக்கு. அங்க மலேரியா வருமாமே? முன்கூட்டியே மாத்திரை ஏதாச்சும் எழுதிக் குடுங்க."

மாத்திரை வேணாம். அங்க மலேரியா பரவல. அது நம்ம பக்கம்தான் இருக்கு.

2/ கோபப்படாம படிங்க. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடு என்று அறிவித்தது. அங்கேயே தொற்றி வந்த நோயாளி கடைசியா பதிவானது 2012 அக்டோபரில். இப்ப அங்க கண்டுபிடிக்கிற மலேரியா, வெளிநாட்டுல இருந்து யாரோ ஒருத்தர் ரத்தத்துல ஏறி வர்றது. அதுல இந்தியாவோட பங்கு பெருசு.

3/ மலேரியாவை கொசுதான் பரப்புதுன்னு ரொனால்ட் ராஸ் கண்டுபிடிச்சது 1897ல், நம்ம செகந்திராபாத்தில். 125 வருஷம் தாண்டியாச்சு. 2030க்குள் ஒழிக்கணும்னு இந்தியா இலக்கு வெச்சிருக்கு. தமிழ்நாட்டுல ரொம்பவே குறைஞ்சிருக்கு, அதை மறுக்கல. ஆனா பூஜ்யம் ஆகல. ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம் வேலைக்குப் போயிட்டு குளிர்காய்ச்சலோட ஊர் திரும்புறவங்க இன்னும் இருக்காங்க.

4/ "அவங்க குட்டித் தீவு, ஈஸியா ஒழிச்சுட்டாங்க"ன்னு சொல்லாதீங்க. 1934-35 கொள்ளைநோயில் அந்தத் தீவுல சுமார் 80,000 பேர் செத்தாங்க. மழை பொய்ச்சு, ஓடிக்கிட்டிருந்த ஆறெல்லாம் குட்டை குட்டையா தேங்கிப்போச்சு. கொசுவுக்கு அதுவே போதுமா இருந்துச்சு.

5/ அப்புறம் டிடிடி மருந்தடிச்சு, வீடு வீடா தேடி, 1963ல் வருஷத்துக்கு வெறும் 17 கேஸ்னு கொண்டு வந்தாங்க. "முடிஞ்சுது"ன்னு மருந்தடிப்பை நிறுத்தினாங்க, கண்காணிப்பும் தளர்ந்துச்சு. அடுத்த அஞ்சாறு வருஷத்துல லட்சக்கணக்கில் திரும்பி வந்துச்சு. 17ல் இருந்து லட்சங்களுக்கு. இந்த ஒரு கணக்கை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

6/ 1999ல் கூட இரண்டரை லட்சத்துக்கு மேல நோயாளிகள். நடுவுல போர். அந்தப் போருக்குள்ளயும் வடக்கு கிழக்குல மலேரியா ஊழியர்கள் ரத்தம் எடுத்தாங்க, கொசுவலை கொடுத்தாங்க. பதிமூணே வருஷத்துல உள்ளூர்ப் பரவலை நிறுத்திக் காட்டினாங்க. அப்படிக் கிடைச்ச சான்றிதழ் அது.

7/ இப்ப உங்க டூருக்கு வருவோம். நீங்க ஜீப்புல ஏறி சிறுத்தை பாக்கப்போற யால, வில்பத்து, யானைக்கூட்டம் பாக்கப்போற மின்னேரியா எல்லாமே உலர் வலயம். மலேரியா காலங்காலமா குடியிருந்த பூமி. சிங்கராஜா மாதிரி மழைக்காடு ஈர வலயம், அங்க வழக்கமா குறைவு.

நோய்தான் போயிருக்கு, கொசு போகல. மலேரியா பரப்புற அனாபிலஸ் கொசு அந்தக் கிராமங்கள்ல இன்னமும் பறக்குது. அதுக்கு இல்லாதது மலேரியாக் கிருமி உள்ள ஒரு ஆளோட ரத்தம். அந்த ரத்தத்தோட போய் இறங்குற ஆளா நீங்க இருக்கக்கூடாது.

8/ "எனக்குத்தான் காய்ச்சலே இல்லையே?" இங்கதான் பலரும் ஏமாறுவாங்க. நம்ம நாட்டுல இருக்குற வைவாக்ஸ் வகை மலேரியா, காய்ச்சல் விட்ட பிறகும் கல்லீரல்ல பதுங்கிக் கிடக்கும். வாரங்கள், மாசங்கள் கழிச்சுத் திரும்ப எழும்பும். அதை வேரோட எடுக்கத்தான் குளோரோகுயின் 3 நாள் கொடுத்து, கூடவே பிரைமாகுயின் 14 நாள் தர்றோம். (கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ஜி6பிடி குறைபாடு உள்ளவங்களுக்கு பிரைமாகுயின் கிடையாது. தானா வாங்கிப் போடாதீங்க.)

நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? நாலாவது நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை ஃபிரிட்ஜ் மேல தூக்கிப் போட்டுடுறாங்க. மிச்சம் இருக்குற அந்த பத்து நாள் மாத்திரைதான் அடுத்தவனைக் காப்பாத்துறது.

9/ இது வெறும் பயமுறுத்தல் இல்ல. 2018 கடைசியில், வெளிநாட்டுல இருந்து வேலைக்கு வந்த ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு இலங்கைக்காரருக்கு மலேரியா தொத்துச்சு. ஒழிப்புக்குப் பிறகு முதல் முறை. உடனே வளைச்சுப் பிடிச்சதால அதோட நின்னுச்சு. நகரத்துக் கிணறுலயும் தண்ணித் தொட்டிலயும் வளர்ற அனாபிலஸ் ஸ்டீபன்சை கொசு, சென்னை மலேரியாவுக்குக் காரணமான அதே கொசு, 2016 கடைசியில மன்னார்ல கண்டுபிடிக்கப்பட்டது. சான்றிதழ் கிடைச்ச அதே வருஷம்.

10/ ஒரு பழைய கதை. புதுக்கோட்டை, திருச்சி, ராமநாதபுரம் பக்கத்துல இருந்து நம்ம முன்னோர் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியா போனப்ப, மண்டபத்துல இலங்கை அரசு நடத்தின முகாம்ல அவங்களைத் தடுத்து நிறுத்தி, நோய் இருக்கான்னு பார்த்துத்தான் கப்பல் ஏத்தினாங்க. ஏழைங்கிறதால உடம்பைச் சோதிச்சாங்க.

இன்னைக்கு நாம டூரிஸ்ட். திருச்சியில ஏறினா ஒரு மணி நேரத்துல கொழும்பு. நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு 2023ல் கப்பலும் விட்டாச்சு. யாரும் நம்மை முகாம்ல அடைக்கல. அதனால நம்ம உடம்புக்கு நாமதான் பொறுப்பு எடுத்துக்கணும்.

11/ "அங்க டெங்கு இல்லையா? எலிக்காய்ச்சல் இல்லையா?" இருக்கு. இங்கயும் இருக்கு. கொசுவிரட்டி பூசுங்க, காயத்தோட சேத்துத் தண்ணியில இறங்காதீங்க. குரங்கோ நாயோ கடிச்சா 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்னைக்கே ஊசி போடுங்க. ஆனா இதையெல்லாம் காட்டி மலேரியா கேள்வியை மழுப்பாதீங்க.

12/ ஆப்பிரிக்க சஃபாரி வேற கதை. கென்யா, தான்சானியா போறவங்களுக்கு மலேரியாத் தடுப்பு மாத்திரை கட்டாயம் வேணும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் கிளம்ப 10 நாள் முன்னாடியே போடணும். விமானம், ஹோட்டல், ஜீப், புகைப்படக்காரர் வரைக்கும் பட்டியல் போடுற டூர்க்காரங்க, இந்த ரெண்டு வரியைச் சேர்த்தா என்ன குறைஞ்சிடும்? ஃபால்சிபாரம் மலேரியா மூளைக்கு ஏறினா சில நாள்லயே உயிர் போகும்.

13/ சரி, செய்ய வேண்டியது:

– கிளம்பும் முன் ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்திருந்தா, இல்ல ஒரு வருஷத்துக்குள்ள மலேரியா வந்திருந்தா, டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செஞ்சுட்டுப் போங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்.
– மலேரியாவுக்கு மாத்திரை கொடுத்தா 14 நாளும் முழுங்குங்க.
– இலங்கையில காய்ச்சல் வந்தா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீங்க. அங்க அரசு மருத்துவமனைக்குப் போய், "இந்தியாவுல இருந்து வந்திருக்கேன், மலேரியா டெஸ்ட் எடுங்க"ன்னு முதல்லயே சொல்லுங்க. மலேரியாவே பார்த்திராத இளம் டாக்டர்கள் அங்க இருக்காங்க. டெங்குன்னுதான் முதல்ல நினைப்பாங்க.
– எந்த நாட்டுக்குப் போயிட்டு வந்தாலும், ஒரு வருஷம் வரைக்கும் காய்ச்சல்னு வந்தா பயணக் கதையைச் சொல்லுங்க. நாங்க கேக்க மறந்தாலும் நீங்க சொல்லுங்க.

14/ அந்தக் கடலும் காடும் பாக்க வேண்டிய இடங்கள்தான். தாராளமா போயிட்டு வாங்க. அடுத்த தடவை என்கிட்ட வரும்போது "அங்க போனா எனக்கு என்ன வரும்?"னு மட்டும் கேக்காம, "என்கிட்ட இருந்து அங்க எதுவும் போயிடாதே?"ன்னும் கேளுங்க. ரத்தம் எடுக்க ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.