ஞாயிற்றுக்கிழமை சாக்கோடு வருகிறவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். விஷயமும் அசிங்கமானது. காப்பி குடித்துக்கொண்டிருப்பவர்கள் குடித்து முடித்துவிட்டு வாருங்கள்.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு அரைக்கீரைப் பாத்தியைப் பார்க்கப் போனேன். விதை போட்டு எட்டு நாள் ஆகிறது. நேற்றுத்தான் பச்சை தலைகாட்டியிருந்தது. பாத்தியின் நட்டநடுவில் ஒரு குழி, அதை மூடிய மண், மண்ணுக்கு அடியில் பூனைப் பீ. ‘கழிவு’ என்று நாகரிகமாக எழுதலாம்தான். 31 வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தக் கூச்சம் எப்போதோ போய்விட்டது. அந்த நாற்றம் கையுறையைத் தாண்டியும் வரும். மூன்று சாண் அளவுக்கு நாற்று போயிற்று.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பூனைப் பிரியை இல்லை. எங்கள் வீட்டில் பூனை வளர்த்ததும் இல்லை. இந்தத் தெருவில் பூனையால் அதிகம் நஷ்டப்பட்டவள் யார் என்று கணக்கெடுத்தால் என் பெயர் முதலில் வரும். “டீச்சருக்கு என்ன, மாடியில உட்கார்ந்துட்டு தர்மம் பேசுவாங்க” என்று யாரும் சொல்லிவிட முடியாது. தினமும் குனிந்து அள்ளுகிறவள் பேசுகிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு செய்தி வந்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆள் வருகிறாராம். ஒரு பூனைக்கு 150 ரூபாய். பிடித்துச் சாக்கில் கட்டி எங்கேயாவது தூரத்தில் விட்டுவிட்டு வருவாராம். வீட்டுக்கு 100 ரூபாய் வசூல். அதற்குக் கீழே பதினான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள். அதில் நான்கு கட்டைவிரல்கள் நான் பாடம் நடத்திய கட்டைவிரல்கள். ஒருவன் செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவன். பெயர் சொல்லமாட்டேன், அவனுக்கே தெரியும். இன்னொருவர் அதற்கும் மேலே போய், “ஆள் எதுக்கு, கருவாட்டுல எலி பேஸ்ட் தடவி வச்சா காரியம் முடிஞ்சுது” என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் பொம்மையும் போட்டிருக்கிறார்.

முதலில் அந்த எலி பேஸ்ட்டை முடித்துவிடுகிறேன். அந்தக் குழாயில் இருப்பது பல சமயம் மஞ்சள் பாஸ்பரஸ். கல்லீரலைச் சிதைக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தடவிய கருவாட்டைப் பூனைதான் தின்னும் என்று எழுதி ஒட்டி வைப்பீர்களா? காக்கா தூக்கிக்கொண்டு போய் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போடும், தவழ்கிற பிள்ளை இருக்கிற எந்த முற்றத்தில் போடும் என்று உங்களுக்குத் தெரியுமா? விலங்கை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் வருகிற குற்றம். 5 ஆண்டு வரை சிறை. எழுதியவர் அதை அழித்துவிட்டால் நல்லது. அவர் அம்மாவை எனக்குத் தெரியும்.

இனி சாக்கு விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போது நம் தெருவில் சுற்றுகிற கறுப்பு வெள்ளைப் பெட்டையும் அதன் இரண்டு குட்டிகளும் எங்கிருந்து வந்தன என்று யாராவது யோசித்தீர்களா? போன வருஷம் ஐப்பசி மழை சமயத்தில் பாளையங்கால்வாய்க் கரையில் ஒரு உரச் சாக்கு கிடந்தது. அதைப் பிரித்துவிட்டவர் நம் பால்காரர். அதிலிருந்து வெளியே வந்ததுதான் இந்தப் பெட்டை. அதாவது, வேறொரு தெருக்காரர்கள் இதே மாதிரி 100 ரூபாய் வசூல் பண்ணி நமக்கு அனுப்பிவைத்த சீர்வரிசை இது. நாம் இப்போது அதை அடுத்த தெருவுக்கு மறுவீடு அனுப்பப் போகிறோம். அவர்கள் சும்மா இருப்பார்களா?

பூனை இடத்தோடு ஒட்டிய பிராணி. தனக்கென்று ஒரு எல்லை வைத்துக்கொள்ளும். ஒரு எல்லை காலியானால், அங்கே சோறும் ஒதுங்க இடமும் இருக்கிறவரைக்கும், பக்கத்து எல்லைப் பூனை வந்து உட்காரும். நம் தெருவில் மூடாத குப்பைக் கூடை எத்தனை? மீன் கழுவிய தண்ணீரைச் செதிலோடு வாய்க்காலில் ஊற்றுகிற வீடு எத்தனை? அதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு இருக்கிற பூனையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், வைகாசிக்குள் வேறு பூனை வரும். 150 ரூபாய் வாங்குகிறவருக்கு நிரந்தர உத்தியோகம். நல்லது, அவராவது பிழைக்கட்டும்.

கொண்டுபோய் விடப்பட்ட பூனை என்ன ஆகும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்கே இன்றைக்குத்தான் தெரியப் போகிறது.

1994. அப்போது நாங்கள் பழைய வளவு வீட்டில் இருந்தோம். விறகுப் புரைக்குள் ஒரு சாம்பல் பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. வீடெல்லாம் நாற்றம். மாமியார் தினமும் சொல்லிக்காட்டினார்கள். எனக்கு விடைத்தாள் திருத்துகிற நேரம், எரிச்சல். ஒரு சனிக்கிழமை தாயையும் குட்டிகளையும் நானே சாக்கில் போட்டுக் கட்டி, என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொக்கிரகுளம் ஆற்றங்கரைக்கு அனுப்பினேன். ‘அனுப்பினேன்’ என்றுதான் சொல்லவேண்டும். அவர் வேண்டாம் என்றார், நான்தான் விடவில்லை. நான்காம் நாள் ராத்திரி தாய்ப்பூனை மட்டும் திரும்பி வந்தது. இரண்டு மூன்று கிலோமீட்டர், ரோடு, நாய், லாரி எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறது. ஒரு காது கிழிந்திருந்தது. புரைக்குள் போய், குட்டி போட்ட அதே மூலையில் நின்று கூப்பிட்டது. குட்டிகளை அங்கே விட்டதாக அது நினைத்ததோ என்னவோ. இரண்டு ராத்திரி கூப்பிட்டது. மூன்றாம் நாள் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் நான் பாலூட்டிகள் பாடம் எடுத்தேன். அந்த வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். அன்றைக்கு ஒரு கேள்விக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று இருக்கிறது. அதற்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். நம் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு. சட்டத்துக்குப் பயந்து யாரும் சாக்கைக் கீழே போடப்போவதில்லை என்று எனக்கும் தெரியும்.

இத்தனையும் படித்துவிட்டு என் மதினி சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் இருக்கிறது. மதினி, கோபித்துக்கொள்ளக் கூடாது. காலையில் தயிர்ச்சோறு, சாயங்காலம் சாளைத் தலை, ஏழு பூனைக்குத் தட்டு வைக்கிறீர்கள். “வாயில்லா ஜீவன்” என்கிறீர்கள். உங்கள் வாசலில் வாய், என் பாத்தியில் மறுபக்கம். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். ஒரு ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டி. வருஷத்துக்கு இரண்டு ஈற்று சர்வ சாதாரணம். சோறு போட்டுக் கருத்தடை செய்யாமல் விடுவது புண்ணியத்தில் பாதி. மிச்சப் பாதியை நாங்கள் மண்வெட்டியால் அள்ளுகிறோம். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே விசாரித்துக்கொண்டு ஆட்டோவில் கூடையோடு போய்வர ஒரு காலைப்பொழுது போதும்.

போன வாரம் ஒரு மாணவி, ஐந்து மாதக் கர்ப்பிணி, பயந்துபோய் அழைத்தாள். பூனை முடி வயிற்றுக்குள் போனால் பிள்ளை தங்காது என்று யாரோ சொன்னார்களாம். தங்கமே, முடியால் ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது வேறு. டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அது முட்டை மாதிரியான கூடுகளை உண்டாக்குவது பூனைக் குடும்பத்தின் குடலுக்குள் மட்டும்தான். தொற்று பிடித்த பூனை பெரும்பாலும் தன் ஆயுளில் ஒரு தடவை, இரண்டொரு வாரம், மலத்தோடு அதை வெளியே விடும். விட்டவுடனே அது தொற்றாது. ஒன்றிலிருந்து ஐந்து நாள் மண்ணில் கிடந்த பிறகுதான் தொற்றும் பக்குவம் வரும். அதனால் அன்றாடம் அள்ளிவிடுகிற வீட்டுக்கு ஆபத்து மிகக் குறைவு. வாரக்கணக்கில் போட்டுவைக்கிற வீட்டுக்குத்தான் அதிகம். கர்ப்பமாக இருப்பவர்கள் மண் வேலையை மாமியாரிடமோ புருஷனிடமோ கொடுத்துவிடுங்கள், நல்ல சாக்கு கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் கையுறை போடுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். கறியை நன்றாக வேகவையுங்கள், அரைவேக்காட்டுக் கறியிலும் இதே கிருமி வரும். அள்ளியதை உரக்குழியில் போடாதீர்கள். மாட்டுச் சாணம் மாதிரி இது உரம் இல்லை.

இவ்வளவு தெரிந்தும் என் பாத்தியை நான் காப்பாற்றினேனா என்றால், பெரும்பாலும் காப்பாற்றினேன். முதலில் எல்லோரையும் போலத்தான் நானும் இறங்கினேன். சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டிலைச் சுற்றி வைத்தேன். மறுநாள் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே போய்வைத்தது. அந்த நீலத் தண்ணீரை நாயும் மதிப்பதில்லை, பூனையும் மதிப்பதில்லை, ஆனாலும் ஊரில் வாசலுக்கு வாசல் நிற்கிறது. பினாயில் ஊற்றலாம் என்றார்கள். செய்யாதீர்கள். பீனால் வகைகளை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு ரொம்பக் குறைவு. காலில் பட்டதை நக்கித் தொலைக்கும். செடியும் கருகும். பாச்சா உருண்டையும் அப்படித்தான், விஷம். மிளகாய்ப்பொடி போட்டால் அது பாதத்தை நக்கி, கண்ணைத் தேய்த்துத் துடிக்கும். அடுத்த மழையில் பொடி கரைந்துவிடும்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பூனை ஏன் என் கீரைப்பாத்திக்கு வருகிறது? அது தோண்டி மூடுகிற பிராணி. அதற்கு வேண்டியது காய்ந்த, பொலபொலவென்ற, வெறும் மண். தெருவில் வீடு கட்ட மணல் கொட்டினால் முதல் நாளே என்ன நடக்கிறது என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். மற்ற இடமெல்லாம் நாம் சிமென்ட் போட்டு மெழுகிவிட்டோம். வாசல் சிமென்ட், பின்கட்டு சிமென்ட், வேப்ப மரத்து அடிவரைக்கும் டைல்ஸ். மிச்சமிருக்கிற நாலு அடி மண் என்னுடையது. அது வேறெங்கே போகும்?

ஆகவே வெறும் மண் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். செடிகளுக்கு நடுவே தேங்காய்க் கதம்பையைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கினேன். விதைத்த பாத்திக்கு மேல் கோழி வலையைத் தரையோடு சேர்த்து விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன். கீரை வலைக் கண் வழியாக வளரும், அறுக்கும்போது எடுத்துவிடலாம். சாயங்காலமும் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்தேன், ஈர மண்ணை அவை அவ்வளவாக விரும்புவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், கொல்லை மூலையில் முருங்கைக்கு அடியில், கட்டட வேலையில் மிஞ்சிய மணலை மூன்று சட்டி கொட்டினேன். பாத்தியில் அள்ளியதில் கொஞ்சத்தை அங்கே போட்டுவைத்தேன். வாசனை பிடித்து வரட்டும் என்றுதான். என் மகன் வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, “அம்மா, பூனைக்கு கக்கூஸ் கட்டிக் கொடுக்கீங்களா?” என்று சிரித்தான். ஆமாம், கட்டிக்கொடுத்தேன். பதினைந்து இருபது நாளில் பெரும்பாலும் அங்கேதான். காலையில் ஒரு சிரட்டையால் ஒரே இடத்தில் அள்ளி முடித்துவிடுகிறேன். ஒரு கடுவன் மட்டும் சுவரில் பீய்ச்சுவதை விடவில்லை. அதற்குக் கருத்தடைதான் வழி, அதுவும் அநேகமாகக் குறைக்கும், அறவே நிறுத்தும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன்.

அப்படியென்றால் இன்று காலை ஏன் கீரை போயிற்று? நேற்றுச் சாயங்காலம் களை எடுக்க வலையைத் தூக்கினேன். போன் வந்தது. பேசிவிட்டு அப்படியே உள்ளே போய்விட்டேன்.

பூனை போனால் எலி பெருகும் என்கிற வாதத்தை நான் வைக்கமாட்டேன். நம் வாய்க்கால் பெருச்சாளியைக் கண்டால் அந்தக் கறுப்பு வெள்ளை மதில் மேல் ஏறிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். உபயோகம் இருக்கிறது, அதனால் விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தெருவில் உபயோகம் பார்க்க ஆரம்பித்தால் ஓய்வுபெற்ற டீச்சர்கள் பாடு திண்டாட்டம்.

வசூல் ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். என் 100 ரூபாய் வராது. அதற்குப் பதிலாக இரண்டு பெட்டைகளின் கருத்தடைச் செலவு, ஆட்டோ உட்பட, என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். மீதிக்கு மதினி பாதி போடவேண்டும், சொல்லிவிட்டேன். கட்டைவிரல் தூக்கிய நான்கு பேரும் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். கொல்லையைக் காட்டுகிறேன். பார்த்த பிறகும் சாக்குதான் சரி என்று தோன்றினால், என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் வாசலில்தான் நிற்பேன், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

காப்பி போட்டுவைக்கிறேன். கையுறை மட்டும் அவரவர் கொண்டு வரவேண்டும், என்னிடம் ஒரு ஜோடிதான் இருக்கிறது.