சர்க்கரைச் சங்கிலிக்கும் பாடத்தில் இடம் வேண்டும்

விரலில் முள் தைத்தால், அவ்விடம் சிவந்து வீங்க, இரத்தத்தோடு விரைந்தோடும் வெள்ளணுக்கள் அங்கே வந்து குழுமுவதை அறிவோம். ஆயினும், அவற்றை அழைக்கும் கீமோகைன் என்னும் நுண்புரதங்கள் இரத்தப் பிரவாகத்தில் அடித்துச் செல்லப்படாமல் நிலைத்து நிற்பது எங்ஙனம் என்பதைச் சிந்திப்போர் சிலரே. இரத்தக் குழாயின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களின்மேல் ஹெப்பரான் சல்பேட் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்துள்ளன. அவற்றின் சல்பேட் தொகுதிகளிலுள்ள எதிர்மின்னேற்றம், கீமோகைன் புரதத்திலுள்ள லைசின், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலங்களின் நேர்மின்னேற்றத்தை ஈர்த்துப் பிணித்துக்கொள்கிறது. இப்பிணைப்புத் திறனை இழக்கும்படி மாற்றியமைக்கப்பெற்ற சில கீமோகைன்கள், ஆய்வுக்கூடக் கலத்தில் அணுக்களை ஈர்த்தும், எலியின் உடலுக்குள் அவற்றை வரவழைக்க இயலாது போயின என்று 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இத்துணை மகத்தான காரியத்தைச் செய்யும் சர்க்கரையை வெறும் எரிபொருளாகவும் நீரிழிவுக்குரிய பொருளாகவும் மட்டுமே மாணவருக்கு அறிமுகம் செய்வது நியாயமன்று, டி.என்.ஏ.வுக்கும் புரதத்துக்கும் ஒதுக்கும் பக்கங்களில் சிலவற்றையேனும் இதற்கும் அளித்தல் வேண்டும்.