பொத்தான் மதமும் ஓட்டு மதமும்

ஹாலந்து என்று நம்மவர்கள் சொல்லிப் பழகிய நெதர்லாந்து தேசத்தில் வாலிபர்களும், வாலிபம் தாண்டியவர்களுங்கூட, இராத்திரி வேளைகளில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஊரில் இருந்தபடியே இணையத்தின் மூலம் ஒன்றுகூடி யுத்த தந்திர விளையாட்டு ஆடுகின்றார்கள். ஆட்டம் நடக்கும்போதே ஓரத்தில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதும் பேசிக்கொள்வதும் உண்டு. அந்தப் பேச்சில் பாதி ஆட்டத்தைப் பற்றியதாகவும், மற்றப் பாதி தங்கள் தேசத்து அரசியலைப் பற்றியதாகவும் இருக்கின்றது. விளையாட்டுப் பிள்ளைகளின் வம்புப் பேச்சுக்கு ஒரு வியாசமா என்று சில பெரியவர்கள் முகத்தைச் சுளிக்கலாம். ஆட்டத்தில் ஒரு காசுக்குக்கூடக் கணக்குக் கேட்கின்ற மூளை, அரசியல் என்றவுடன் கணக்குப் புஸ்தகத்தை மூடிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகின்றதே, அது எப்படி என்பதுதான் நாம் கேட்க வந்த சங்கதி.

முதலில் ஆட்டம் இன்னதென்று சொல்லிவிடுவோம். சுவீடன் தேசத்து பாரடாக்ஸ் கம்பெனியார் 2013-இல் வெளியிட்ட யூரோப்பா யுனிவர்சாலிஸ் நான்காம் பாகம் என்பது இவர்கள் ஆடுகின்றவைகளில் ஒன்று. ஆடுபுலி ஆட்டத்தில் கோடு போட்ட கட்டம் எப்படியோ, அப்படி இதில் உலகப் படமே கட்டம். 1444-ஆம் வருஷத்தில் ஆரம்பித்து 1821 வரையில் ஒரு ராஜ்யத்தை நடத்திக் காட்டவேண்டும். வரி, வியாபாரம், கப்பல், படை, கடன், சமாதான உடன்படிக்கை எல்லாவற்றுக்கும் எண் உண்டு. பக்கத்து ராஜ்யத்தை அளவுக்கு மிஞ்சி விழுங்கினால் சுற்றிலும் உள்ளவர்கள் ஒன்றுகூடி உதைப்பார்கள். அந்த ஆத்திரத்துக்கும் ஒரு எண். நாமும் சில மாத காலம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கற்று ஆடிப் பார்த்தோம். தோற்றோம் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

தோற்றாலும் நமக்குக் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. அது என்னவென்றால், இந்த ஆட்டத்தில் மதம் வைக்கப்பட்டிருக்கின்ற இடமேயாகும். மதத்துக்கென்று ஒரு தனிப் பக்கம் இருக்கின்றது. ரோமன் கத்தோலிக்க அரசனாக ஆடினால், போப்பாண்டவரிடத்தில் உள்ள செல்வாக்கு இத்தனை என்று எண் ஏறிக்கொண்டே வரும்; அதைச் செலவு செய்து அரசனுக்கு ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளலாம். ‘மத ரட்சகர்’ என்ற பட்டத்தைக் கஜானாவிலிருந்து பணம் கட்டி வாங்கலாம். வாங்கினால் சிப்பாய்களுக்கு உற்சாகம் கூடும். டச்சுக்காரர்களின் மதமாக இருந்த கால்வின் மதத்தைத் தழுவினால் பக்தி வேகம் என்ற ஒன்று மாதாமாதம் சேரும். சேர்ந்த பக்தியை வியாபாரத்துக்கோ, யுத்தத்துக்கோ, உள்நாட்டு அமைதிக்கோ எதற்கு வேண்டுமோ அதற்குத் திருப்பிவிடலாம், வாய்க்கால் தண்ணீரை மடை மாற்றுவதைப்போல. காலம் கனிந்து வரும்போது இந்த மதம் லாபமா, அந்த மதம் லாபமா என்று பார்த்து ராஜ்யத்தையே ஒரு பொத்தானில் மதம் மாற்றிவிடலாம்.

இதை ஆடுகின்றவர்கள் எவரும் பொத்தானைத் தொடுமுன் ஜெபம் செய்வதை நாம் காணவில்லை. மோட்சம் எந்த மதத்தில் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம், வரி எத்தனை சதவிகிதம் கூடும், கலகம் எத்தனை குறையும் என்பதே. மதம் என்பது அரசன் கையிலுள்ள கருவி என்று நாம் மேடை போட்டுத் தொண்டை கிழியக் கத்துகின்றோமே, அதை இந்தப் பிள்ளைகள் ஒரே இராத்திரியில், எந்தப் பிரசங்கியும் இல்லாமல் கற்றுக்கொண்டு விடுகின்றார்கள்.

நிற்க. அதே கை, அதே இராத்திரியில், ஓரத்துப் பேச்சில் என்ன எழுதுகின்றது? நம்முடைய கிறிஸ்தவ நாகரிகத்துக்கு ஆபத்து வந்துவிட்டது என்றும், மசூதிகள் பெருகிவிட்டன என்றும், இன்ன தலைவர் ஒருவரால்தான் தேசத்தைக் காப்பாற்ற முடியும் என்றும் எழுதுகின்றது. எல்லோரும் அப்படி எழுதுகின்றார்கள் என்று நாம் சொல்லவில்லை. எதிர்த்து எழுதுகின்றவர்களும் இருக்கின்றார்கள். ஆனால், ‘கிறிஸ்தவ நாகரிகம்’ என்பதற்குச் சென்ற நூற்றாண்டுக் கணக்கு என்ன என்று எதிர்க்கின்றவர்களும் கேட்பதைக் காணோம்.

அந்தக் கணக்கை நாம் எடுத்துக் காட்டுகின்றோம். 1917-இல் அந்தத் தேசத்துக் கட்சிகள் ஒரு பேரம் செய்துகொண்டன. ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்றவர்களுக்கு ஓட்டும், தங்கள் மதப் பள்ளிக்கூடங்களுக்குச் சர்க்கார் பணம் வேண்டும் என்றவர்களுக்குப் பணமும் கிடைத்தன. அதன் பிறகு ஜனங்கள் மதப்படி பிரிந்து கம்பி வேலிக்குள் வாழ்ந்தார்கள். கத்தோலிக்கனுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனிப் பத்திரிகை, தனித் தொழிற்சங்கம், தனி ரேடியோ, புரோட்டஸ்டண்டுக்கும் அப்படியே. மதம் வேண்டாம் என்ற சோஷலிஸ்டுங்கூடத் தனக்கென்று ஒரு ரேடியோ வைத்துக்கொண்டான். ஆடு வளர்ப்பதற்குக்கூடக் கத்தோலிக்கச் சங்கம் இருந்தது என்றால், ஆட்டுக்கு ஞானஸ்நானம் செய்வித்தார்களா என்று கேட்கத் தோன்றுகின்றதா, இல்லையா? 1954-இல் பிஷப்புகள் ஒன்றுகூடி, சோஷலிஸ்டுத் தொழிற்சங்கத்தில் சேரும் கத்தோலிக்கனுக்குத் திருச்சடங்குகள் கிடையாது, அவர்கள் ரேடியோவை வழக்கமாகக் கேட்பதும் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கூலி உயர்வு கேட்கின்ற தொழிலாளிக்கு நரகத்தைக் காட்டிய நாகரிகம் இது. பிறகு வாலிபர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். 1965-இல் பிஷப்புகளே உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். 1963-இல் பார்லிமெண்டின் 150 ஸ்தானங்களில் 50 பெற்றிருந்த கத்தோலிக்கக் கட்சி 1972-இல் 27-க்கு இறங்கியது. தெய்வ நிந்தனைக்குத் தண்டனை என்று 1932-இல் செய்த சட்டத்தையும் 2014-இல் எடுத்தெறிந்தார்கள். ஆகவே, அந்தத் தேசத்தாருக்கு இன்றுள்ள சுதந்திரம் கிறிஸ்தவ நாகரிகம் கொடுத்த பிச்சையல்ல. அதன் வேலியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்ததனால் கிடைத்தது.

இன்னும் வேலிக்குள்ளேயே இருக்கின்றவர்களும் உண்டு. 1918-இல் ஏற்பட்ட எஸ்.ஜி.பி. என்ற கால்வின் மதக் கட்சி, பெண்கள் அரசியல் பதவிக்கு வருவது வேதத்துக்கு விரோதம் என்று சொல்லி அபேட்சகராக நிற்க அவர்களை விடவில்லை. 2010-இல் அந்நாட்டு மேல் கோர்ட்டு அது தவறு என்றது. 2012-இல் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டும் அந்தக் கட்சியின் அப்பீலைத் தள்ளியது. 2013-இல்தான் விதியைத் தளர்த்தினார்கள். வேதம் மாறியதா, கோர்ட்டு உத்தரவு மாற்றியதா? வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்சி பிறந்தபோது அந்தத் தேசத்துச் சிம்மாசனத்தில் இருந்தது வில்ஹெல்மினா என்ற பெண். நாகரிகம் என்ற பெயருள்ள மற்றொரு ஆட்டத்தின் ஆறாம் பாகத்தில் டச்சு ராஜ்யத்தை நடத்துகின்ற தலைவியும் அந்த அம்மையார்தான். ராணி ஆளலாம், மற்றப் பெண் ஓட்டுப் போடக்கூடாது என்ற நீதி 1919 வரை அங்கே செல்லுபடியாயிற்று.

இனித் தலைவர் சங்கதிக்கு வருவோம். கேர்ட் வில்டர்ஸ் என்பவர் 2006-இல் பி.வி.வி. என்ற கட்சியை ஆரம்பித்தார். அந்தக் கட்சியில் சேருவதற்கு மற்றவர்களுக்கு இடமில்லை. அங்கத்தினர் அவர் ஒருவரே. மகாநாடு கிடையாது, தீர்மானம் கிடையாது, தலைவரை மாற்றும் வழி கிடையாது. ஒரே அங்கத்தினரையுடைய அந்தக் கட்சிக்கு 2023 நவம்பர் 22-இல் நடந்த தேர்தலில் 37 ஸ்தானங்கள் கிடைத்தன. ஆட்டத்தில் தங்களோடு சேர்ந்த ஒருவன் மற்றவர்களைக் கேளாமல் யுத்தப் பிரகடனம் செய்துவிட்டால் விடிய விடிய வைகின்ற இவர்கள், கேட்பதற்கு ஆளே இல்லாத கட்சிக்கு ஓட்டுப் போட்டதைத் தைரியம் என்று எழுதுகின்றார்கள். நம்மைக் கேட்டால், இதற்குக் கட்சி என்று பெயர் வைத்ததே பாஷைக்குச் செய்த துரோகம்.

அந்தக் கட்சியின் வேலைத் திட்டத்தில் முகம்மதியப் பள்ளிக்கூடம் கூடாது, குர்ஆன் கூடாது, மசூதி கூடாது என்று அச்சடித்திருந்தது. தேர்தல் முடிந்து மந்திரி சபை அமைக்க மற்றக் கட்சிகளின் தயவு வேண்டியிருந்தவுடன், அவைகளை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டேன் என்றார் தலைவர். 2024 ஜனவரியில் அது சம்பந்தமான மசோதாவை வாபஸ் வாங்கியும் விட்டார். தேசத்துக்கு உயிராபத்து என்று ஊர் ஊராகச் சொன்ன விஷயம், பதவி வாசலைக் கண்டதும் ஐஸ் பெட்டிக்குள் போகுமானால், அது ஆட்டத்தில் உள்ள மதப் பொத்தானுக்கு எவ்விதத்தில் வேறுபட்டது? அந்த மந்திரி சபையும் 2024 ஜூலையில் பதவியேற்று, 2025 ஜூனில் இவரே வெளியேறியதால் கவிழ்ந்தது. 2025 அக்டோபர் தேர்தலில் 37 என்பது 26 ஆயிற்று.

முகம்மதிய மதத்துக்காக நாம் வக்காலத்து வாங்குவதாக எவரும் நினைக்க வேண்டாம். குர்ஆனும் பைபிளும் நமக்கு ஒரே தட்டில்தான். சர்க்கார் பணத்தில் மதம் போதிக்கக்கூடாது என்றால் நாம் முதலாவதாகக் கை தூக்குவோம். ஆனால் முகம்மதியப் பள்ளிக்கூடங்களுக்குப் பணம் வருவது எந்தச் சட்டத்தினால்? 1917-இல் கிறிஸ்தவர்கள் பேரம் பேசி வாங்கிய அதே அரசியல் சட்டப் பிரிவினால்தான். கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்கள் ஏராளமாக அந்தப் பணத்திலே நடக்க, முகம்மதியர்களுடைய சொற்பப் பள்ளிக்கூடங்களை மட்டும் மூடு என்பது பகுத்தறிவா, பங்காளிச் சண்டையா?

கணக்கில் வராத ஒன்று ஆட்டத்திலும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். கிழக்குத் தீவுகளின் வாசனைச் சரக்கு மாதம் இத்தனை வருமானம் என்று படத்தில் தெரிகின்றது. 1621-இல் ஜாதிக்காய்க்காகப் பண்டா தீவுகளில் யான் பீட்டர்ஸோன் கூன் என்ற டச்சு அதிகாரி அந்தத் தீவு ஜனங்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றும் பிடித்தும் ஒழித்தது அதில் தெரிவதில்லை. நம் பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்த இதே கம்பெனியார் சோழமண்டலக் கரையிலிருந்து ஏழைகளை அடிமைகளாகக் கப்பலேற்றியதும் தெரிவதில்லை. பெட்டியில் எண்ணாகத் தெரியாதது நடக்கவேயில்லை என்று கண் பழகிவிடுகின்றது.

அந்தப் பழக்கம் வீட்டு வாசலுக்கே வந்ததைப் பாருங்கள். குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் செலவுக்காகப் பெற்றோருக்கு அங்கே சர்க்கார் உதவித் தொகை கொடுக்கின்றது. வரி இலாகாவார் ஆயிரக்கணக்கான பெற்றோர்களை மோசக்காரர்கள் என்று தவறாகத் தீர்த்து, கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்டார்கள். சந்தேகத்துக்குரியவர் யார் என்று பொறுக்குவதற்குக் கம்ப்யூட்டருக்கு அவர்கள் கொடுத்திருந்த அடையாளங்களில் டச்சுப் பிரஜையா, இல்லையா என்பதும் ஒன்று. வீடு போயிற்று, வேலை போயிற்று. அப்படிப்பட்ட குடும்பங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்கப்பட்டார்கள். 2020 டிசம்பரில் பார்லிமெண்டுக் கமிட்டி கண்டித்து அறிக்கை கொடுத்தது. 2021 ஜனவரி 15-இல் மந்திரி சபை ராஜிநாமாச் செய்தது. பிறகு? மார்ச்சுத் தேர்தலில் பிரதம மந்திரி ரூட்டேயின் கட்சியே 34 ஸ்தானங்களோடு முதலாவதாக வந்தது. 299 நாள் பேச்சு வார்த்தைக்குப் பிறகு அதே நாலு கட்சிகள் அதே பிரதம மந்திரியின் கீழ் 2022 ஜனவரியில் பதவிக்கு வந்தன. சொந்தக் குடிகளை இப்படிக் கெடுத்தவன் ஆட்டத்தில் கலகத்தைச் சந்திப்பான். இங்கே மந்திரியாக வந்தான்.

ஆட்டம் ஆட்டந்தான், அரசியல் அரசியல்தான், இரண்டையும் முடிச்சுப் போடலாமா என்று சிலர் நமக்குப் புத்தி சொல்லலாம். முடிச்சுப் போட்டது நாமல்ல. ஒரே இரவில், ஒரே இடத்தில் இரண்டையும் பேசுகின்றவர்கள் அவர்கள். நாம் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவுமில்லை. கோயில் திண்ணையில் உட்கார்ந்து புராணம் கேட்பதைவிட, வரவு செலவு பார்த்து ஒரு பொய் ராஜ்யத்தை ஆளுவது ஆயிரம் பங்கு மேல். அந்த வரவு செலவுப் புத்தியை ஓட்டுச் சாவடி வாசலில் செருப்போடு கழற்றி வைப்பதைத்தான் ஆட்சேபிக்கின்றோம்.

கடைசியாக ஆடியபோது நாம் ஒரு கேள்வி எழுதினோம்: உங்கள் ராஜ்யத்தை இதுவரை எத்தனை தடவை மதம் மாற்றியிருக்கின்றீர்கள்? உடனே பதில்கள் வந்து குவிந்தன. ஒருவர் மூன்று தடவை என்றார். மற்றொருவர் எந்த வருஷத்தில் மாற்றினால் லாபம் அதிகம் என்று விவரமாகச் சொல்லிக் கொடுத்தார். அடுத்ததாக, 1917 முதல் மதப் பள்ளிக்கூடங்களுக்கு உங்கள் வரிப் பணம் போகின்றதே, அதனால் உங்கள் நிஜ ராஜ்யத்துக்கு என்ன லாபம் என்று எழுதினோம். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருவர், இது விளையாட்டைப் பற்றிப் பேசுகின்ற இடம் என்று எழுதினார். பத்து நிமிஷத்துக்கு முன் மசூதிகளைப் பற்றி எழுதியவர் அவர்தான்.